இரவில் மலரும் கள்ளியும் மனிதனின் கையும்

திருவனந்தபுரத்துக் கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் திறந்தவெளி அரங்கு ஒன்று இருக்கிறது. நடன விழாக்களும் திரைப்பட விழாக் காட்சிகளும் நடைபெறும் அவ்வரங்கிற்கு 'நிசாகந்தி' என்று பெயர். நிசி என்பது இரவு. கந்தம் என்பது மணம். இருள் சூழ்ந்த பின் இதழ் விரித்து, நள்ளிரவில் வீடெல்லாம் மணக்கச் செய்து, பொழுது புலர்வதற்குள் தலை சாய்ந்துவிடும் வெண்மலர் ஒன்றின் பெயரையே மலையாள நாட்டார் அவ்வரங்கிற்குச் சூட்டியுள்ளனர். நம் தமிழ் மக்கள் அதே மலரைப் 'பிரம்ம கமலம்' என்று அழைப்பதுண்டு. இமயமலையில் வளரும் பிரம்ம கமலம் வேறு செடி. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அம்மலர் விரியும் இரவில் அண்டை வீட்டாரை அழைத்து, விளக்கின் ஒளியில் காட்டி மகிழ்வது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வழக்கமாக இருந்து வருகிறது.

இவ்வளவு உரிமையோடு நாம் கொண்டாடும் இந்த மலர் நம் நாட்டு மலரன்று. தென் மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் மரங்களைப் பற்றி வளரும் கள்ளி இனம் அது. அதன் நெருங்கிய உறவினர் ஒன்று இப்பொழுது திருவனந்தபுரத்து வீடுகளின் மொட்டைமாடிகளிலும் புழைக்கடைகளிலும் குடியேறியிருக்கிறது. அதுவே டிராகன் பழம் தரும் கள்ளி. அதுவும் இரவில்தான் மலர்கிறது. அதன் மலரும் வெண்மையானது. ஒரே இரவுதான் அதற்கும் வாழ்வு. ஆனால் நிசாகந்தியிடம் நாம் மலரை மட்டும் எதிர்பார்க்கிறோம். இதனிடம் கனியையும் எதிர்பார்க்கிறோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கரமனையில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் இக்கள்ளியை வளர்த்தேன். பாலக்காட்டு நண்பர் ஒருவர் அளித்த ஒரே தண்டினைத் துண்டுகளாக வெட்டி ஐந்து தொட்டிகளில் நட்டேன். இரண்டாம் ஆண்டு வைகாசியில் மொட்டுகள் தோன்றின. மலர்களும் விரிந்தன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சாண் அகலம். ஆனால் நான்கைந்து நாட்களில் ஒவ்வொரு மலரும் காம்போடு மஞ்சளித்து உதிர்ந்துவிட்டது. மழையின் மீது பழி போட்டேன். உரத்தின் மீது பழி போட்டேன். நாகர்கோவிலிலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே வாழும் அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர், தம் பூசணிக் கொடியில் காலைதோறும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுபவர், என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "பூசணிக்கு நாமதானே பூ வச்சுக் குடுக்கோம், தம்பி? இதுக்கும் வச்சுப் பாருங்க" என்றார். அந்த ஒரு சொல்லில் நாலாயிரம் ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அவ்வரலாற்றையே இங்குச் சுருங்கச் சொல்ல விழைகிறேன்.

கள்ளி என்ற சொல் தமிழுக்குப் புதியதன்று. பாலை நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் கள்ளியை நன்கறிவர். ஆயின் அவர்கள் அறிந்த கள்ளி, ஒடித்தால் பால் சுரக்கும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி முதலியன. செடிநூலார் இவற்றை ஆமணக்குக் குடும்பத்தில் சேர்ப்பர். நாம் இங்குப் பேசும் கள்ளிக் குடும்பம் வேறு. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் இயல்பாகக் காணப்படும் ஓர் இனம் நீங்கலாக, அக்குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. கொலம்பஸ் 1492-இல் அட்லாண்டிக்கைக் கடப்பதற்கு முன், சப்பாத்திக்கள்ளியைத் தமிழன் எவனும் கண்டிருக்க முடியாது. இன்று சப்பாத்திக்கள்ளி இல்லாத தமிழ்க் கிராமத்தைக் கற்பனை செய்வதே கடினம். இது எவ்வாறு நிகழ்ந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியருக்குச் செஞ்சாயம் அளித்தது கொச்சினீல் என்னும் சிறு பூச்சி. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின் மீது வாழும் அப்பூச்சியை உலர்த்திப் பொடி செய்தால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு கிடைக்கும். அவ்வாணிகம் ஸ்பெயின் நாட்டாரின் கையில் இருந்தது. அதனை உடைக்க விரும்பிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னையில் அத்தொழிலைத் தொடங்க முனைந்தது. கம்பெனியின் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் 1780-களில் இம்முயற்சியில் பெரும் ஆர்வம் காட்டினார். சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் அமைந்தது. அயல்நாடுகளிலிருந்து பல வகைக் கள்ளிகள் அங்கே வந்து சேர்ந்தன. 1795-இல் பூச்சியும் வந்தது. கப்பல் தலைவர் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து அதனைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் பூச்சியன்று. அதன் தாழ்ந்த உறவினம். சாயத் தொழில் சிறக்கவில்லை. கள்ளியோ வேலிகளைக் கடந்து, மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் கைப்பற்றிக்கொண்டது.

இதன் பிற்பகுதி இன்னும் வியப்பானது. சாயத்திற்கு உதவாத அப்பூச்சி, கள்ளி வகைகளுள் ஒன்றை மட்டும் தின்று அழிப்பதைக் கண்டனர். 1836 முதல் 1838 வரை அதனைத் தென்னிந்தியாவிலும் பரப்பி அவ்வகைக் கள்ளியைக் கட்டுப்படுத்தினர். ஒரு களையை அழிக்க வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சி இதுவே என்று பூச்சியியலார் எழுதுவர். எஞ்சி நின்ற மற்றொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை ஒடுக்க, 1926-இல் வேறொரு கொச்சினீல் பூச்சி இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் 40,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் கள்ளியிலிருந்து விடுபட்டது.

இதிலிருந்து நாம் அறியும் உண்மை ஒன்றுண்டு. இடம்பெயரும் செடி தன் பகைவரைத் தாயகத்தில் விட்டுவிட்டு வருகிறது. ஆதலால் சிலபோது புதிய நாட்டில் கட்டுக்கடங்காமல் பரவுகிறது. ஆனால் பகைவரை மட்டுமா விட்டுவிட்டு வருகிறது? நண்பரையும் விட்டுவிட்டே வருகிறது. சப்பாத்திக்கள்ளி பகலில் மலர்வதால் நம் நாட்டுத் தேனீக்களே அதற்குப் போதுமாயின. இரவில் மலரும் கள்ளியின் நிலை அதுவன்று. அதன் தாயகத்தில் நீண்ட நாவுடைய வௌவால்களும், பறந்தபடியே தேன் உறிஞ்சும் பெரிய அந்துப்பூச்சிகளும் இருளில் வந்து மகரந்தத்தைச் செடிவிட்டுச் செடி சுமந்து செல்கின்றன. மலர் வெண்மையாக இருப்பதும், இரவில் மணப்பதும் அவ்விருந்தினரை அழைப்பதற்கே. கடல் கடந்து வந்த செடி இன்றும் அதே நேரத்தில் அதே அழைப்பை விடுக்கிறது. வரவேண்டியவர்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

இவ்வகையான பிரிவின் துயரத்தை உலகம் முதன்முதலில் நன்கு உணர்ந்தது வனிலாச் செடியில்தான். வனிலா மெக்சிகோவைச் சேர்ந்த கொடி, ஆர்க்கிட் குடும்பத்தது. பிரெஞ்சுக்காரர் 1820-ஐ ஒட்டி அதனை இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் நட்டனர். கொடி செழித்தது, பூத்தது, காய்க்கவில்லை. இருபது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. 1836-இல் பெல்ஜிய நாட்டின் லியேழ் நகரில் சார்லஸ் மோரன் என்னும் செடிநூற் பேராசிரியர், கண்ணாடி வீட்டில் வளர்த்த வனிலாவுக்குக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் காணச் செய்தார். ஆயினும் அம்முறை தோட்டங்களுக்கு ஏற்றதாக அமையவில்லை.

1841-இல் ரீயூனியன் தீவின் செயின்ட் சூசான் பகுதியில், எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அச்சிக்கலைத் தீர்த்து வைத்தான். அவன் அடிமையாகப் பிறந்தவன், தாயை இழந்தவன், பள்ளி வாசலை மிதித்தறியாதவன். தோட்டத்து உரிமையாளர் பூசணிக் குடும்பத்துச் செடியின் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதைக் கண்டு பழகியிருந்தான். வனிலா மலருக்குள் ஆண் உறுப்பையும் பெண் உறுப்பையும் பிரிக்கும் மெல்லிய திரை ஒன்றுண்டு. ஒரு மூங்கிற் சிம்பால் அத்திரையைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திப் பொருத்தினான். நொடிப்பொழுது வேலை. இன்று உலகில் வனிலா விளையும் தோட்டங்களில் எல்லாம் அந்தச் சிறுவனின் முறையே கையாளப்படுகிறது.

அவனுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தபோது எட்மண்ட் அல்பியஸ் என்ற பெயரோடு விடுதலை பெற்றான். அவன் கண்ட முறையால் தீவில் பெருஞ்செல்வம் குவிந்தது. அவனோ வறுமையில் உழன்று 1880-இல் மறைந்தான். ஓர் அடிமைச் சிறுவனால் இது கூடுமா என்று ஐயுற்று, அப்பெருமையைப் பிறருக்கு அளிக்க முயன்றோரும் உண்டு. அடிமைகள் நீங்கிய அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்தொகையில் சென்றவர்கள் தமிழர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். செடிகளின் இடப்பெயர்ச்சியையும் மனிதர்களின் இடப்பெயர்ச்சியையும் தனித்தனியே எழுத முடியாது என்பதற்கு அத்தீவு ஒரு சான்று.

கையால் மகரந்தம் சேர்க்கும் கலை வனிலாவோடு தோன்றியதன்று. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையைக் கொய்து பெண் பாளையில் கட்டினால்தான் குலை நிறையக் காய்க்கும். பாபிலோன் நாட்டு மன்னன் ஹமுராபி, கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த சட்டத்தொகுப்பில் இதற்கு விதியே உண்டு. மகரந்தம் சேர்ப்பதற்காகத் தோட்டத்தை ஏற்ற தோட்டக்காரன், விளைவில் மூன்றில் இரண்டு பங்கை உடைமையாளனுக்குத் தந்து, ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்ளலாம். அவன் கடமையில் தவறி விளைவு குறைந்தால், அண்டைத் தோட்டங்களின் விளைவுக்கு ஈடாக அளந்து தர வேண்டும். மகரந்தம் சுமக்கும் கைக்கு விளைவில் மூன்றில் ஒன்று என்று சட்டம் செய்த அந்தப் பழைய அரசனின் நீதியை, எட்மண்ட் அல்பியசின் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

செயலில் இத்துணைப் பழமை இருந்தும், அறிவுலகம் இதன் காரணத்தை உணர நெடுங்காலம் பிடித்தது. செடிகளுக்கும் ஆண் பெண் உறுப்புகள் உண்டு என்பதை ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கமெராரியஸ் என்பவர் 1694-இல் சோதனைகளால் நிறுவினார். 1793-இல் ஸ்பிரெங்கெல் என்பவர், மலரின் நிறமும் மணமும் தேனும் பூச்சிகளை ஈர்ப்பதற்கே அமைந்தவை என்று விரிவாக எழுதினார். அதன் பின்னரே, வேண்டிய மலரில் வேண்டிய மகரந்தத்தைச் சேர்த்துப் புதிய வகைகளை ஆக்கும் முயற்சி உலகெங்கும் ஓங்கியது.

அம்முயற்சியில் நம் நாட்டவரின் பங்கு சிறிதன்று. 1912-இல் தோன்றிய கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் நல்ல கரும்பின் பூவில் காட்டு நாணலின் மகரந்தத்தைச் சேர்த்து, 'கோ 205' என்னும் வகையை உண்டாக்கினர். வட இந்தியாவின் கரும்பு வயல்களை மாற்றியமைத்த வரிசைக்கு அதுவே தொடக்கம். தலைசேரியில் பிறந்த ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் ஆற்றிய பணி, கரும்பின் மரபியலை உலகறியச் செய்தது. 1930-களில் வடமலையாளத்து நீலேசுவரத்தில் ஜே. எஸ். படேல் என்பவர், நெட்டைத் தென்னையின் பாளையில் சாவக்காட்டுக் குட்டைத் தென்னையின் மகரந்தத்தைச் சேர்த்து வீரிய ஒட்டுத் தென்னையைக் கண்டார். உலகில் முதன்முதலாகத் தென்னையில் ஒட்டு வீரியத்தை எடுத்துக்காட்டியவர் அவரே. அம்முறையில் கன்று உண்டாக்க இன்றும் ஒருவர் மரமேற வேண்டும். ஆண் பூக்களை நீக்கிப் பாளைக்கு உறையிட்டு, உரிய நாளில் மகரந்தம் தூவ வேண்டும். கேரளத்தார் நட்டு வளர்க்கும் ஒட்டுத் தென்னங்கன்று ஒவ்வொன்றின் பின்னும் அப்படியொரு கை இருக்கிறது.

இனி நம் கள்ளியின் பயணத்திற்குத் திரும்புவோம். அமெரிக்காவில் அதன் கனிக்குப் 'பிதாயா' என்று பெயர். பிரெஞ்சுக்காரர் அதனை இந்தோசீனத்திற்குக் கொண்டு சென்றனர். வியத்நாமியர் அதனைத் 'தான் லோங்' என்றனர். பச்சை டிராகன் என்று பொருள் கொள்ளலாம். கனியின் மேலுள்ள செதில்களைக் கண்டு இட்ட பெயர் அது. அப்பெயரின் வழியே 'டிராகன் பழம்' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. வியத்நாமின் பின் துவான் பகுதியில் அது பெரும் பயிராயிற்று. பகல் நீண்ட காலத்தில் பூக்கும் இயல்புடைய செடியாதலால், பகல் குறுகிய மாதங்களில் இரவெல்லாம் மின்விளக்கு எரித்து அதனைப் பூக்கச் செய்யும் முறையையும் அங்குள்ள உழவர்கள் கண்டனர். செடிநூலார் முன்பு இதனை ஹைலோசீரியஸ் என்ற பேரினத்தில் வைத்தனர். 2017 முதல் செலினிசீரியஸ் பேரினத்தில் சேர்க்கின்றனர். செலினி என்பவள் கிரேக்கரின் சந்திர தேவதை. நிலாக் காலத்து மலருக்குப் பொருத்தமான பெயரே.

இக்கள்ளி காய்க்க மறுப்பதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைநிலத்து அறிஞர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். யோசெப் மிஸ்ராகி முதலியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறுகள்ளிகளுள் செந்நிறச் சதையுடைய சில இனங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை என்று காட்டினர். வேறு இனத்தின் அல்லது வேறு வகையின் மகரந்தம் கிடைத்தால்தான் அவை கனி தரும். தாயகத்து வௌவாலும் அந்துப்பூச்சியும் இல்லாத அப்பாலையில், மனிதர்கள் தூரிகையோடு சென்று மகரந்தம் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் இக்கள்ளி 1990-களில் வீட்டுத் தோட்டங்களில் தலைகாட்டியது. பின்னர் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் முதலிய மாநிலங்களின் வறண்ட நிலங்களில் வணிகப் பயிராயிற்று. குஜராத் அரசு 2021 ஜனவரியில் இதற்குக் 'கமலம்' என்று பெயரிடுவதாக அறிவித்தது. கர்நாடகத்துத் தும்கூர் மாவட்டம் ஹிரேஹள்ளியில், இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் கீழ் இக்கனிக்கென்று சிறப்பு மையம் அமைக்க 2023-இல் ஒப்புதல் கிடைத்தது. கேரளத்திலும் ரப்பருக்கு மாற்றாக இதனை நட்டுப் பார்க்கும் உழவர்கள் உண்டு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறாமற் செல்வது முறையாகாது. 2000 ஏப்ரலில் வீசிய ஹூடா என்னும் புயல் மடகாஸ்கரின் வனிலாத் தோட்டங்களை அழித்தது. உலகச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே சென்று, 2003-இல் உலர்ந்த வனிலா ஒரு கிலோ ஏறத்தாழ 500 டாலருக்கு விற்றது. கேரளத்தின் மலையோரக் குடும்பங்கள் பல, மற்றப் பயிர்களை விடுத்து வனிலாக் கொடியை நட்டன. பெண்கள் விடியற்காலையில் எழுந்து, எட்மண்ட் அல்பியசின் அதே முறையில் மலர் மலராக மகரந்தம் சேர்த்தனர். மடகாஸ்கர் மீண்டெழுந்தது, மாற்றுச் சாரமும் சந்தையை நிறைத்தது. இரண்டே ஆண்டுகளில் விலை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. கொடிகள் கவனிப்பாரற்று வாடின. மலரைக் கனியாக்கும் ஆற்றல் கைக்கு உண்டு; கனியை விலையாக்கும் ஆற்றல் கைக்கு இல்லை. ஆகவே டிராகன் பழத்தைப் பெருந்தோட்டமாகப் போட எண்ணுவோர் வனிலாவின் வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம். வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போருக்கு இவ்வச்சம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சிறிது அறிவும், ஓரிரவு விழிப்பும்.

திருவனந்தபுரத்தில் இக்கள்ளியை வளர்ப்போர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது நீர் தேங்காமை. வேர் ஆழமாகச் செல்வதில்லை; நீர் நின்றால் தண்டு அழுகும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இந்நகருக்கு உண்டு. ஆதலால் செம்மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்து, மேட்டுப் பாத்தியிலோ அடியில் துளையிட்ட பீப்பாயிலோ நட வேண்டும். ஒரு முழ நீளமுள்ள முதிர்ந்த தண்டுத் துண்டை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை சில நாட்கள் நிழலில் வைத்துப் பின் நடுவது நன்று. ஆளுயரக் கம்பம் ஒன்று நட்டு, உச்சியில் பழைய டயர் ஒன்றைப் பொருத்தினால், தண்டுகள் ஏறி வளைந்து தொங்கும். தொங்கும் தண்டிலேயே மொட்டு மிகுதியாகத் தோன்றும். தில்லி போன்ற வடபுலத்து நகரங்களில் வாழும் நம்மவர், உறைபனிக் காலத்தில் செடியை மூடிக் காக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அக்கவலை இல்லை.

இரண்டாவது, எல்லாவற்றினும் முதன்மையானது: ஒரே தண்டிலிருந்து வெட்டிய துண்டுகள் எத்தனை தொட்டியில் வளர்ந்தாலும் அவை ஒரே செடிதான். என் ஐந்து தொட்டிகளின் தவறு இதுவே. கண்ணுக்கு ஐந்து, இயற்கையின் கணக்கில் ஒன்று. வெண்சதை வகைகள் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும். செஞ்சதை வகைகள் பலவற்றுக்கு அயல் மகரந்தம் தேவை. எனவே வேறு வேறு இடத்திலிருந்து பெற்ற இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து வளர்ப்பதே அறிவுடைமை.

மகரந்தம் சேர்க்கும் முறை எளிது. மாலையில் மொட்டு பருத்து நுனி நெகிழ்ந்திருந்தால் அன்றிரவு மலரும் என்று அறியலாம். இரவு எட்டு அல்லது ஒன்பது மணியளவில் மலர் நன்கு விரியும். நடுவில் நட்சத்திரம் போலப் பல கிளையாக நீண்டிருப்பது சூல்முடி. சுற்றிலும் நூற்றுக்கணக்கில் நிற்பவை மகரந்தத் தாள்கள். ஒரு செடியின் தாள்களைச் சிறு கிண்ணத்தின் மேல் மெல்லத் தட்டினால் மஞ்சள் பொடி உதிரும். உலர்ந்த ஓவியத் தூரிகையால் அப்பொடியை எடுத்து, மற்ற வகைச் செடியின் சூல்முடி முழுவதும் படும்படி தடவ வேண்டும். கஞ்சத்தனம் கூடாது, கனியினுள் காணும் கரிய விதை ஒவ்வொன்றும் ஒரு மகரந்தத் துகளின் பயன். விதை குறைந்தால் கனியும் சிறுக்கும். இரவில் இயலாதவர் மறுநாள் வெயில் ஏறுமுன் செய்யலாம். இரு வகைகளும் ஒரே இரவில் மலராவிடில், முந்திய மலரின் பொடியைக் காகிதத்தில் மடித்து, ஈரம் புகாத சிமிழில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் சில நாட்கள் வைத்திருக்கலாம். மழை பெய்தால் மகரந்தம் கெடும். மலரின் மேல் ஒரு குடையோ உறையோ கவிழ்த்தல் வேண்டும். சூல் பிடித்த மலர் வாடினாலும் அதன் அடி பசுமையாகவே நிற்கும். ஏறக்குறைய ஒரு திங்களில் கனி சிவக்கும்.

மறு ஆண்டு நெய்யாற்றின்கரையிலிருந்து வேறொரு வகைச் செடியைக் கொணர்ந்து வைத்தேன். அது பூக்க மேலும் ஓராண்டு காத்திருந்தேன். ஆவணியில் ஒரே இரவில் இரண்டும் மலர்ந்தன. அண்டை வீட்டு மூதாட்டியார் விளக்குப் பிடிக்க, நான் தூரிகையால் தடவினேன். என் செஞ்சதைச் செடியின் ஆறு மலர்களுள் இரண்டை மழை கொண்டுபோயிற்று; நான்கு நின்றன. முப்பத்திரண்டாம் நாள் முதற் கனியை அவரிடமே கொடுத்தேன். "பூசணி அளவுக்கு இல்லையே" என்று சிரித்தார்.

சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இச்செய்தியில் ஒரு பொருள் உண்டு என்று நினைக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைவீதியை ஏற்படுத்திய நாள்முதல் இந்நகரில் தமிழ் வணிகர் வாழ்ந்து வருகின்றனர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, எல்லை மாறியது. ஆனாலும் ஓணம் வந்தால் தோவாளைப் பூ இன்றும் திருவனந்தபுரத்து முற்றங்களுக்கு வந்து சேர்கிறது. பூவைச் சுமந்து வரும் கை இருக்கும்வரை எல்லை ஒரு தடையன்று.

மும்பையிலோ, பெங்களூரிலோ, தில்லியிலோ, திருவனந்தபுரத்திலோ வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், அயல் மண்ணில் நட்ட செடிகள். வேரூன்றுவதும் தழைப்பதும் தாமே நிகழும். தாயகத்தில் பாட்டியும் தெருவும் திருவிழாவும் தாமாகச் செய்துவந்த பணியை மட்டும் இங்கே யாராவது கையால் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு கதை சொல்லுதல், ஓர் எழுத்து கற்பித்தல், அண்டை வீட்டாரின் மொழியைத் தாமும் கற்றுக்கொள்ளுதல் ஆகியவை சிறு வேலைகளே. தூரிகையால் தடவும் அளவு வேலை. ஆனால் மலர் விரிந்திருக்கும் இரவு ஒன்றுதான். அன்று உறங்கிவிடாமல் இருந்தால் போதும்.